ஷின்சான் குழந்தைகளுக்காக வரையப்பட்ட கதையே இல்லையா? ஜப்பானின் ‘ஆண்கள் காமிக்ஸ்’ வார இதழும், நம்ம வீட்டு டிவியும்!

அடர்த்தியான புருவம், அஞ்சு வயசு, வாயைத் திறந்தாலே வம்பு. ஷின்சானை அறிமுகப்படுத்தத் தேவையே இல்லை. ஸ்கூல் விட்டு வந்ததும் டிவி முன்னாடி உட்காரும் வாண்டுகளில் பாதிப் பேர் அவனைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான். இந்தியாவையே கதைக்களமாக வைத்து எடுக்கப்பட்ட ஷின்சான் படம் 2025 ஆகஸ்டில் ஜப்பானில் வெளியாகி, பிறகு நம்ம ஊர் தியேட்டர்களுக்கும் வந்தது.

ஆனால், கொஞ்சம் கவனித்துப் பார்த்தால் ஒரு விஷயம் உறுத்தும். குழந்தைகள் கார்ட்டூனில் அப்பாவின் 32 வருட வீட்டுக்கடன் எதற்கு? ஆபீஸ் முடிந்து களைத்து வரும் அப்பா, தள்ளுபடி விற்பனைக்கு ஓடும் அம்மா, கணவன் மனைவி சண்டை, ரோட்டில் போகும் பெண்களிடம் அஞ்சு வயசுப் பையன் அடிக்கும் கமெண்ட்... இதெல்லாம் குழந்தைகளுக்கான சமாச்சாரமா?

இல்லை. ஏனென்றால் ஷின்சான் முதன்முதலில் அச்சானது குழந்தைகள் பத்திரிகையில் அல்ல. வயது வந்த ஆண்களுக்காக நடத்தப்பட்ட ‘வீக்லி மங்கா ஆக்‌ஷன்’ என்ற காமிக்ஸ் வார இதழில். ஆண்டு 1990.

அந்தப் பத்திரிகை எப்படிப்பட்டது? பெரியவர்களுக்கான கதை எப்படி நம் குழந்தைகளின் கைக்கு வந்தது? இதில் பெற்றோர் கவனிக்க வேண்டியது என்ன? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

‘ஆண்களுக்கான காமிக்ஸ்’ என்றால் ஆபாசமா?

இந்தக் குழப்பம் பலருக்கும் உண்டு. முதலில் இதைத் தீர்த்துவிடலாம்.

ஜப்பானில் காமிக்ஸை ‘மங்கா’ என்பார்கள். மங்கா பத்திரிகைகளை அங்கே யார் வாங்குகிறார்கள் என்பதை வைத்துப் பிரிக்கிறார்கள். சிறுவர்களுக்கானது ‘ஷோனென்’. சிறுமிகளுக்கானது ‘ஷோஜோ’. வளர்ந்த ஆண்களுக்கானது ‘சேய்னென்’. வளர்ந்த பெண்களுக்கானது ‘ஜோசெய்’.

இதில் சேய்னென் என்ற சொல்லுக்கு ‘இளைஞர்’ என்றுதான் பொருள். காலேஜ் மாணவர், வேலைக்குப் போகிறவர், குடும்பஸ்தர் எல்லோரும் இதன் வாசகர்கள். ஆபீஸ் அரசியல், சமையல், சரித்திரம், குற்றம், விளையாட்டு என்று எதுவும் இதில் கதையாகும். வன்முறையும் பாலியல் காட்சிகளும் சிறுவர் பத்திரிகையைவிடக் கொஞ்சம் தாராளமாக வரும், உண்மைதான். ஆனால் முழுக்க முழுக்க ஆபாசத்துக்கென்றே வரும் காமிக்ஸ் வேறு ரகம். அதற்கென்று தனி முத்திரை குத்தி விற்கும் பழக்கம் 1991 முதலே ஜப்பானில் இருக்கிறது.

ஆக, ‘மங்கா ஆக்‌ஷன்’ மறைத்து வைத்துப் படிக்கிற பத்திரிகை இல்லை. ரயில்வே ஸ்டேஷன் கடையில் வாங்கி, ரயிலில் உட்கார்ந்து படிக்கிற சாதாரண வார இதழ்.

1967ல் இப்படி ஒரு பத்திரிகை ஏன் தேவைப்பட்டது?

பதில் ஜப்பானின் மக்கள்தொகைக் கணக்கில் இருக்கிறது. இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு, 1947 முதல் 1949 வரை அந்த நாட்டில் குழந்தைப் பிறப்பு எகிறியது. இந்தத் தலைமுறைதான் காமிக்ஸ் படித்தே வளர்ந்த தலைமுறை. 1967ல் இவர்களுக்கு 18 முதல் 20 வயது.

அதுவரை காமிக்ஸ் என்றால் சின்னப் பசங்க சமாச்சாரம், வயது ஏறினால் விட்டுவிடுவார்கள் என்பதுதான் கணக்கு. இவர்களோ விடவில்லை. 1950களின் கடைசியிலேயே யோஷிஹிரோ தட்சுமி போன்ற ஓவியர்கள் ‘கெகிகா’ என்ற பெயரில் சீரியஸான, இருண்ட கதைகளை வரையத் தொடங்கிவிட்டார்கள். வாசகர் வளர்ந்துவிட்டார், கதையும் வளர்ந்துவிட்டது, பத்திரிகை மட்டும்தான் பாக்கி.

அந்த இடத்தைப் பிடித்த முன்னோடிகளில் ஒன்றுதான் ‘மங்கா ஆக்‌ஷன்’. 1948ல் தொடங்கப்பட்ட ஃபுதாபாஷா என்ற பதிப்பகம் 1967ல் இதைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே ஷோகாகுகான் பதிப்பகம் ‘பிக் காமிக்’ இதழோடு போட்டிக்கு வந்தது. இன்று மங்கா என்றால் எல்லா வயதுக்கும் உரியது என்று சொல்கிறோமே, அதற்கு அடித்தளம் போட்டது இந்த இரண்டு மூன்று ஆண்டுகள்தான்.

முதல் இதழிலேயே ஒரு திருடன் அறிமுகமானான். பெயர் லூபின். ‘மங்கி பஞ்ச்’ என்ற புனைபெயரில் ஓவியர் கசுஹிகோ கடோ வரைந்த ‘மூன்றாம் லூபின்’ தொடர் அது. 1970ல் கசுவோ கொய்கே எழுதி, கோசெகி கோஜிமா வரைந்த சாமுராய் கதை ‘லோன் வுல்ஃப் அண்ட் கப்’ தொடங்கியது. கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு பழிவாங்கப் புறப்படும் அப்பாவின் கதை. 1976 வரை ஓடி 28 தொகுதிகளாக வந்தது. கொரியாவின் பார்க் சான்-வூக் இயக்கி, 2004 கான் திரைப்பட விழாவில் ‘கிராண்ட் பிரி’ விருது வாங்கியதே ‘ஓல்டு பாய்’, அந்தக் கதையும் இந்த இதழில் 1996 முதல் 1998 வரை வந்த மங்காதான்.

இந்த வார இதழ்கள் எப்படி இயங்குகின்றன?

நம்ம ஊர் வார இதழ்களில் தொடர்கதை வருமே, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு தொடர்கதைக்குப் பதில் இதழ் முழுக்கத் தொடர்கதைகள், எல்லாமே படக்கதைகள் என்றால் எப்படி இருக்கும்? அதுதான் மங்கா வார இதழ்.

மலிவான தாள். பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. ஒவ்வொரு தொடருக்கும் வாரத்துக்கு 20 பக்கம் சொச்சம். படித்து முடித்தால் பழைய பேப்பரோடு போய்விடும். வாசகர்களுக்கு எந்தத் தொடர் பிடித்தது என்று தபால் அட்டையில் கேட்பார்கள். பிடிக்காத தொடரைச் சீக்கிரமே முடித்துவிடுவார்கள். பிடித்ததைத் தொகுத்து நல்ல தாளில் தனிப் புத்தகமாகப் போடுவார்கள். பதிப்பகத்துக்குப் பெரிய வருமானம் அந்தப் புத்தகத்தில்தான். பத்திரிகை என்பது புதுச் சரக்கை வாசகர் முன் வைத்துப் பார்க்கும் இடம்.

இந்த ஏற்பாட்டில் ஒரு வசதி உண்டு. ஒருவர் தனக்குப் பிடித்த ஒரு தொடருக்காகப் பத்திரிகையை வாங்குவார். பக்கத்தைப் புரட்டும்போது தான் கேள்விப்படாத இன்னும் பத்துக் கதைகள் கண்ணில் படும். ‘ஷின்சான்’ அப்படித்தான் வாசகர் கண்ணில் பட்டான்.

பெரியவர்கள் பத்திரிகையில் குழந்தை ஹீரோக்கள்

ஷின்சானுக்கு முன்னாலேயே இந்தப் பத்திரிகையில் ஒரு குழந்தை நட்சத்திரம் இருந்தாள். 1978ல் எட்சுமி ஹருகி தொடங்கிய ‘ஜாரின்கோ சியே’ தொடரின் நாயகி அவள். ஒசாகா நகரில் ஏழைகள் வாழும் பகுதி. அப்பா சூதாடி, அடிதடி ஆள். அம்மா வீட்டை விட்டுப் போய்விட்டாள். ஆரம்பப் பள்ளியில் படிக்கும் சியேதான் குடல் கறி சுட்டு விற்கும் கடையை நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறாள். 1997 வரை, ஏறக்குறைய இருபது ஆண்டு ஓடிய இந்தத் தொடர் 67 தொகுதிகள் கண்டது.

இதை விரும்பிப் படித்தவர்கள் குழந்தைகளா? இல்லை, வேலைக்குப் போகும் ஆண்கள். தங்களைப் போன்ற அப்பாக்களை ஒரு சிறுமியின் கண் வழியாகப் பார்த்துச் சிரித்தார்கள், கொஞ்சம் கூசவும் செய்தார்கள்.

ஷின்சானின் கதையும் அதே ரகம். யோஷிதோ உசுய் இதே பத்திரிகையில் 1987ல் அறிமுகமாகி, ஒரு கடையை மையமாக வைத்து நகைச்சுவைத் தொடர் வரைந்து வந்தார். அதில் வந்த ஒரு பாத்திரத்தில் இருந்து முளைத்தவன்தான் ஷின்னோசுகே நொஹாரா, அதாவது ஷின்சான். வீடு டோக்கியோவுக்குப் பக்கத்தில் சைதாமா மாகாணத்தின் கசுகாபே. அப்பா ஹிரோஷி (இந்திய டப்பிங்கில் ஹாரி) தினமும் ரயில் பிடித்து ஆபீஸ் போகும் நடுத்தர வர்க்கத்து மனிதர்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ரயிலில் நின்றுகொண்டே இந்தப் பத்திரிகையைப் புரட்டும் வாசகரும் அதே மாதிரி ஒரு ஹிரோஷிதான். வீட்டுக்கடனும் அவருடையது, சாக்ஸ் நாற்றமும் அவருடையது. தன் வீட்டையே அவர் அங்கே பார்த்தார். குழந்தை வெகுளியாகப் போட்டு உடைக்கும் உண்மைகள்தான் நகைச்சுவை. அந்த வெகுளித்தனத்தைப் பார்த்துச் சிரிக்க, பார்ப்பவர் பெரியவராக இருக்க வேண்டும். அஞ்சு வயசுக் குழந்தை பார்த்தால் அதில் நையாண்டி தெரியாது. ‘இப்படியும் பேசலாம் போல’ என்பது மட்டும்தான் தெரியும்.

ஒரு குட்டித் தகவல். ஷின்சானின் ஆதர்ச ஹீரோ ‘ஆக்‌ஷன் கமென்’. மூலக் காமிக்ஸில் ஷின்சான் படிக்கும் மழலையர் பள்ளியின் பெயரும் ‘ஆக்‌ஷன்’தான். பத்திரிகையின் பெயரில் இருக்கும் அதே ‘ஆக்‌ஷன்’. டிவிக்கு வந்தபோது பள்ளியின் பெயர் ‘ஃபுதாபா’ என மாறியது. அது பதிப்பகத்தின் பெயர். நம்ம வீட்டு டிவியில் ஓடும் கார்ட்டூனில் இன்றைக்கும் அந்தப் பத்திரிகையின் முகவரி ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

அச்சில் இருந்த மூன்று பூட்டுகள்

பெரியவர்கள் பத்திரிகையில் வந்த ஷின்சானை ஜப்பானியக் குழந்தைகள் அப்போதே படித்திருக்க மாட்டார்களா? சிலர் படித்திருக்கலாம். ஆனால் அச்சுப் பத்திரிகைக்கு இயல்பாகவே மூன்று பூட்டுகள் இருந்தன.

*முதல் பூட்டு, விற்கும் இடம்.* சேய்னென் இதழ்கள் கடையில் பெரியவர்களின் பத்திரிகைகளோடு இருக்கும். சிறுவர் இதழ்களின் அடுக்கு வேறு.

*இரண்டாவது பூட்டு, காசு.* வாராவாரம் தன் பையில் இருந்து எடுத்துக் கொடுப்பவர் பெரியவர். பத்திரிகையின் அட்டைப் படம், விளம்பரம் எல்லாமே அவரைப் பார்த்துத்தான் பேசும்.

*மூன்றாவது பூட்டு, எழுத்து.* இதுதான் முக்கியமானது. ஜப்பானிய மொழியில் ‘கஞ்சி’ எனப்படும் சீன வழி எழுத்துகள் உண்டு. பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் மட்டும் 2,136 எழுத்துகள். ஆறு வருட ஆரம்பப் பள்ளிப் படிப்பில் குழந்தைகள் கற்பது 1,026. அதனால் சிறுவர் மங்காவில் ஒவ்வொரு கஞ்சிக்கும் பக்கத்தில் அதன் உச்சரிப்பைச் சின்ன எழுத்தில் அச்சடிப்பார்கள். பெரியவர்களுக்கான இதழ்களில் பொதுவாக அந்த உதவி இருக்காது, இருந்தாலும் கடினமான சொற்களுக்கு மட்டும்தான். சின்னப் பையன் கையில் கிடைத்தாலும் படத்தைப் பார்க்கலாமே தவிர, வசனத்தை முழுசாகப் படிக்க முடியாது.

1992 ஏப்ரல் 13 அன்று டிவி ஆசாஹி சேனலில் ஷின்சான் அனிமேயாக ஒளிபரப்பானது. அன்றே மூன்று பூட்டும் ஒன்றாகத் திறந்துகொண்டன. டிவி வீட்டுக்குள் இருக்கிறது, காசு கொடுக்க வேண்டியதில்லை, படிக்கவும் வேண்டியதில்லை. ஷின்சான் வாய்விட்டே பேசுகிறான்!

விளைவு உடனே தெரிந்தது. குழந்தைகள் கொண்டாடினார்கள், பெற்றோர் தலையில் கைவைத்தார்கள். ஜப்பானின் பெற்றோர்-ஆசிரியர் சங்கங்களின் தேசிய அமைப்பு நடத்திவந்த கருத்துக்கணிப்பில், ‘குழந்தைகள் பார்க்கக் கூடாத நிகழ்ச்சி’ வரிசையில் ஷின்சான் பல ஆண்டுகள் முன்னணி இடத்தில் நின்றான். தயாரிப்பாளர்களும் பாலியல் நகைச்சுவையைப் படிப்படியாகக் குறைத்து, குடும்பப் பாசத்தைக் கூட்டினார்கள். 2002ல் வந்த ஷின்சான் படம் ஜப்பான் அரசின் ஊடகக் கலை விழாவில் அனிமேஷன் பிரிவின் உயரிய பரிசையே வாங்கியது.

ஒரே ஆண்டு, இரண்டு நாடு, இரண்டு முடிவு

அடுத்த கட்டம் நமக்கு நேரடியாகத் தொடர்புடையது. 2006ஆம் ஆண்டு ஷின்சான் இரண்டு பெரிய நாடுகளில் கால் வைத்தான்.

அமெரிக்காவில் அவனை ஒளிபரப்பியது ‘அடல்ட் ஸ்விம்’. கார்ட்டூன் நெட்வொர்க் சேனலிலேயே இரவு நேரத்தில் பெரியவர்களுக்காக மட்டும் ஒதுக்கப்பட்ட நேரம் அது. வசனங்களையும் பெரியவர்களுக்கு ஏற்ற மாதிரி, இன்னும் காரமாகவே மாற்றி எழுதினார்கள்.

இந்தியாவில் அவனை ஒளிபரப்பியது ஹங்காமா டிவி. குழந்தைகள் சேனல்.

அதே பையன், அதே ஆண்டு. ஒரு நாடு ‘இது பெரியவர்களுக்கானது’ என்றது. இன்னொரு நாடு ‘கார்ட்டூன்தானே, குழந்தைகளுக்கானது’ என்றது. நம்ம ஊரில் ‘வரைந்த படம் என்றால் வாண்டுகளுக்கு’ என்ற எண்ணம் அவ்வளவு ஆழமானது.

பிறகு நடந்தது எதிர்பார்த்ததுதான். பிள்ளைகள் ஷின்சான் மாதிரியே எதிர்த்துப் பேசுகிறார்கள் என்று புகார்கள் கிளம்பின. 2008ல் மத்திய தகவல் ஒலிபரப்புத் துறை ஒளிபரப்பை நிறுத்தியது. 2009ல் சில காட்சிகள் வெட்டப்பட்டு ஷின்சான் திரும்ப வந்தான்.

முதலில் எதையும் பார்க்காமல் திறந்துவிட்டோம். பிறகு மொத்தமாகத் தடுத்தோம். நடுவில் செய்திருக்க வேண்டிய வேலை ஒன்றுதான்: ‘இது முதலில் யாருக்காக வரையப்பட்டது, இப்போது யார் பார்க்கிறார்கள்?’ என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும்.

அப்போ ‘சிறுவர் பத்திரிகை’ என்றால் பாதுகாப்பா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. இங்கேதான் ட்விஸ்ட்.

இன்று நம்ம ஊர் டீன் ஏஜ் பசங்க கொண்டாடும் ‘டீமன் ஸ்லேயர்’ எங்கே வந்தது தெரியுமா? ‘வீக்லி ஷோனென் ஜம்ப்’ என்ற சிறுவர் வார இதழில். பேய்களின் தலையை வாளால் வெட்டி எறியும் கதை. அதன் 2020ஆம் ஆண்டுப் படத்துக்கு ஜப்பானில் ‘பிஜி12’ சான்றிதழ் தரப்பட்டது. அதாவது 12 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பெரியவர்களின் வழிகாட்டல் தேவை. மனிதர்களை ராட்சதர்கள் தின்னும் ‘அட்டாக் ஆன் டைட்டன்’ தொடரும் ஷோனென் இதழில்தான் வந்தது.

ஆக, ‘ஆண்கள்’ பத்திரிகையில் வந்த ஷின்சானில் ரத்தம் கிடையாது. ‘சிறுவர்’ பத்திரிகையில் வந்த கதையில் ரத்த ஆறே ஓடுகிறது. ஜப்பானில் ‘சிறுவர்’ என்பது டீன் ஏஜ் பையன்களையும் சேர்த்துத்தான். ஷோனென், சேய்னென் எல்லாம் கடைக்காரர் எந்த அடுக்கில் வைப்பார் என்பதற்கான பெயர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கான சான்றிதழ் அல்ல. இணையத்தில் ‘இது ஷோனென்தான், பசங்க பார்க்கலாம்’ என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிட வேண்டாம்.

சரி, அந்தப் பத்திரிகை என்ன ஆச்சு?

ஷின்சானைப் பெற்றெடுத்த பத்திரிகையின் கதையில் கொஞ்சம் சோகமும் இருக்கிறது.

ஜப்பானில் மங்கா வார இதழ்கள் உச்சத்தில் இருந்தது 1990களின் நடுவில். ‘ஷோனென் ஜம்ப்’ ஒரே இதழில் 65 லட்சம் பிரதிகளைத் தாண்டியதும் அப்போதுதான். அதன் பிறகு சரிவு. செல்போன் வந்தது, ரயிலில் பத்திரிகை விரித்தவர்கள் ஸ்க்ரீனைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

2000ஆம் ஆண்டு ஷின்சான் தொடர் ‘மங்கா டவுன்’ என்ற வேறொரு இதழுக்கு மாற்றப்பட்டது. 2003ல் ‘வீக்லி மங்கா ஆக்‌ஷன்’ நின்றே போனது. அடுத்த ஆண்டு அதே பெயரில் மீண்டும் வந்தது, ஆனால் வார இதழாக இல்லை, மாதம் இருமுறை இதழாக. 2009 செப்டம்பரில் ஓவியர் உசுய் மலையேறச் சென்ற இடத்தில் தவறி விழுந்து இறந்தார். வயது 51. அவரது குழுவினர் 2010 முதல் ஷின்சானைத் தொடர்ந்து வரைகிறார்கள்.

ஆனால், பத்திரிகை மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அந்த 2003 செப்டம்பரில்தான் அதன் மிக நல்ல கதைகளில் ஒன்று அச்சானது. வரைந்தவர் ஃபுமியோ கோனோ என்ற பெண் ஓவியர். ஹிரோஷிமாவில் பிறந்தவர். அணுகுண்டு விழுந்து பத்து ஆண்டு கழித்து, 1955ல் அதே நகரத்தில் வாழும் ஒரு இளம்பெண்ணின் கதை. குண்டு வெடிப்பையோ பிணக் குவியலையோ பக்கம் பக்கமாகக் காட்டவில்லை. ‘நான் மட்டும் ஏன் உயிரோடு இருக்கிறேன்?’ என்ற அவள் மனக்குறையைத்தான் வரைந்தார். அதன் அடுத்த பகுதி, மறுபடி உயிர்பெற்ற பத்திரிகையில் 2004ல் வந்தது. அதே ஆண்டு, ஷின்சான் படம் பரிசு வாங்கிய அதே ஊடகக் கலை விழாவில் மங்கா பிரிவின் உயரிய பரிசு இதற்குக் கிடைத்தது.

கோனோ அதோடு நிற்கவில்லை. போர்க்காலத்தில் ஹிரோஷிமாவுக்குப் பக்கத்துக் கடற்படை நகரமான குரேவில் வாக்கப்பட்டுப் போகும் ஒரு பெண், பற்றாக்குறையில் எப்படிச் சமைத்தாள், எப்படித் தைத்தாள், எதை இழந்தாள் என்ற கதையை 2007 முதல் 2009 வரை இதே இதழில் வரைந்தார். அதைப் படமாக்க 3,374 பேர் இணையம் வழியாகப் பணம் போட்டார்கள். கிட்டத்தட்ட 3.9 கோடி யென் சேர்ந்தது. 2016 நவம்பரில் வெறும் 63 திரைகளில் வெளியான படம், வாய்வழிப் பேச்சிலேயே பரவி ஆயிரம் நாளைக் கடந்து ஓடியது.

திருடன் லூபினும் சாமுராயும் வந்த ‘ஆண்கள்’ பத்திரிகையில் ஒரு பெண், ஒரு பெண்ணின் அடுப்படியை வரைந்து போரைச் சொன்னார். அட்டையில் இருக்கும் முத்திரையை மட்டும் பார்த்தவர் இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

இப்போ எல்லாம் செல்போனில்!

ஜப்பானில் டிஜிட்டல் மங்கா விற்பனை, அச்சுப் புத்தக விற்பனையை முதன்முதலில் முந்தியது 2017ல். 2024ல் மொத்த மங்கா சந்தை சுமார் 70,400 கோடி யென். அதில் 70 சதவீதத்துக்கு மேல் டிஜிட்டல். அதாவது மங்கா சாகவில்லை, இன்னும் நன்றாகவே விற்கிறது. கரைந்துகொண்டிருப்பது வார இதழ் என்ற அந்தத் தாள் கட்டு மட்டும்தான்.

இதில் நமக்கு என்ன? ரொம்பவே இருக்கிறது. முன்பு சொன்ன மூன்று பூட்டுகளும் செல்போனில் கிடையாது. கடை அடுக்கு இல்லை, பல ஆப்களில் முதல் சில அத்தியாயங்கள் இலவசம், இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் தமிழிலும் டப்பிங் வந்துவிடுகிறது. ஒரு குழந்தை ஷின்சான் கிளிப் பார்த்தால், அடுத்து என்ன காட்டுவது என்பதை முடிவு செய்வது அல்காரிதம். ‘இது அனிமே, அதுவும் அனிமே’ என்பதுதான் அதற்குத் தெரிந்த கணக்கு. முன்னது எட்டு வயதுக்கு, பின்னது பதினெட்டு வயதுக்கு என்பதை வீட்டில் இருப்பவர்தான் பார்க்க வேண்டும்.

பெற்றோர் என்ன கவனிக்கலாம்?

1. ‘கார்ட்டூன்தானே’ என்று விட்டுவிடாதீர்கள். வரைந்த படம் என்பது சொல்லும் முறை. அது யாருக்கு என்பது வேறு கேள்வி.

2. வயதுச் சான்றிதழைப் பாருங்கள். தியேட்டர் படங்களுக்கு 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ என்று ஒரே முத்திரை கிடையாது. யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். அனிமே படத்துக்குக் குழந்தையை அழைத்துப் போகும் முன் இந்த எண்ணைப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

3. ஓடிடியில் பூட்டுப் போடலாம். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஓடிடி தளங்களும் இதே போன்ற வயது வகை காட்ட வேண்டும். 13+, அதற்கு மேற்பட்ட வகைகளைப் பெற்றோர் பூட்டி வைக்க வசதியும் தர வேண்டும். செட்டிங்ஸில் இருக்கிறது, நிறைய பேர் தொடுவதே இல்லை.

4. யூடியூப் கிளிப்களில் உஷார். யார் யாரோ வெட்டி ஒட்டி ஏற்றும் துண்டுக் காட்சிகளுக்கு இந்தச் சான்றிதழ் எதுவும் கிடையாது.

5. ஒரு எபிசோடு கூடவே உட்கார்ந்து பாருங்கள். இதற்கு ஈடான சான்றிதழ் எதுவும் இல்லை. குழந்தை எங்கே சிரிக்கிறது, எதைக் கேட்டு முழிக்கிறது என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அப்போ ஷின்சான் நல்லவனா, கெட்டவனா?

‘நாயகன்’ பட ஸ்டைலில் கேட்டால், பதில் சொல்வது கஷ்டம்தான்! ஷின்சான் மோசமான படைப்பு இல்லை. சம்பளத்துக்கும் கடனுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஒரு சாதாரணக் குடும்பத்தை, முப்பது வருடத்துக்கும் மேலாக இவ்வளவு அன்போடு கேலி செய்த காமிக்ஸ் உலகத்திலேயே குறைவு. அதை முதலில் ரசித்தது பெரியவர்கள். இன்றும் முழுசாக ரசிக்கப்போவது பெரியவர்கள்தான்.

அதனால் அடுத்த முறை வீட்டில் ஷின்சான் ஓடும்போது, டிவியை அணைக்கவும் வேண்டாம், குழந்தையை டிவி முன் விட்டுவிட்டு நகரவும் வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள். ஆபீஸில் இருந்து களைத்து வந்து சாக்ஸைக் கழற்றும் அந்த அப்பாவைப் பாருங்கள். அந்தக் கதை முதலில் வரையப்பட்டது உங்களுக்காகத்தான்.